ஒட்டுகிற சித்தி, எழுதுகிற சித்தி

எங்கள் மருத்துவமனையில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வயதில் மூத்தவர்களும் அப்படித்தான், அறுபதைத் தாண்டிய வாட்ச்மேன்கூட "எக்ஸ்ரே அக்கா வந்தாச்சா?" என்று கேட்பார். தரைத்தளத்தில் நடைபாதையின் கடைசியில் அவள் அறை. அதற்கு அடுத்த கதவு பல் பிரிவு. நான் அங்கே உதவியாளர். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். "மூச்ச இழுங்க... அப்படியே பிடிங்க... ம், விடலாம்" என்று அவள் சொல்வது நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். சில நேரம் என்னையறியாமல் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

வேலையில் கறார். படம் எடுத்தவுடன் பெயர், தேதி, இடமா வலமா என்று குறிக்காமல் அடுத்த ஆளை உள்ளே விடமாட்டாள். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளிடம், "பேரும் தேதியும் இல்லாத படம் வெறும் எலும்பு, அத வச்சுக்கிட்டு யாருக்கு வைத்தியம் பாப்பீங்க?" என்பாள்.

முப்பத்தொன்பது வயதில்தான் அவளுக்குக் கல்யாணம். வேண்டாம் என்று இருந்தவள் இல்லை, அமையவில்லை, அவ்வளவுதான். மருத்துவமனை லிஃப்ட் ஒரே வாரத்தில் மூன்று தடவை நின்றுபோக, மூன்று தடவையும் சரிபார்க்க வந்த மெக்கானிக்தான் மாப்பிள்ளை. மூன்றாவது தடவை அது தானாகத்தான் நின்றதா என்று எங்களுக்கெல்லாம் இன்றைக்கும் சந்தேகம் உண்டு. அவருக்கு மனைவி இல்லை. ஒரு காய்ச்சல் வந்து, எட்டு நாளில் போய்விட்டாள். அப்போது மகளுக்கு ஐந்து வயது. இந்தக் கல்யாணம் நடக்கும்போது எட்டு. கொறித்துக் கொறித்துச் சாப்பிடும் என்பதால் வீட்டில் அந்தப் பெண்ணுக்குக் குருவி என்று பெயர்.

குருவி அவளிடம் முரண்டு பிடிக்கவில்லை, அழவில்லை. சொன்னதைக் கேட்டாள். ஆனால் எதுவும் சொல்லிக் கூப்பிடமாட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள். அப்பாவிடம் பேசும்போது 'அவங்க'. "அவங்க குளிக்கச் சொன்னாங்க", "அவங்க லேட்டா வருவாங்களாம்." ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

ஒரு நாள் பென்சில் டப்பாவைச் சுத்தம் செய்யும்போது, அடியில் ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம் அக்காவின் கண்ணில் பட்டது. குருவியின் அம்மா. கிழிந்துவிடக் கூடாது என்று குழந்தை அதன்மேல் செலோடேப் ஒட்டியிருக்கிறாள். டேப் உரிந்தபோது அதன்மேலேயே இன்னொன்று. பிறகு இன்னொன்று. பசை இறங்கி, முகம் முழுக்க மஞ்சள் பூத்திருந்தது. ஒரு கண் கலங்கிப்போயிருந்தது. இன்னும் ஒரு வருஷம் போனால் யார் என்றே தெரியாது.

அன்று சாயங்காலம் புருஷனிடம் கேட்டாள்: "குருவியோட அம்மா போட்டோவெல்லாம் எங்க?"

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர், நிமிரவில்லை. "அது எதுக்கு இப்ப?"

"இருக்கா, இல்லையா?"

"பரண்ல பெட்டில இருக்கு. டேப் போட்டுக் கட்டி வச்சிருக்கேன்."

"எடுத்துக் குடுங்க."

"என்னால அதப் பாக்க முடியாது." செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, "நீ பாரு. குருவியும் பாக்கட்டும். என்கிட்ட மட்டும் கொண்டு வராத" என்றார். ஏணியைப் போட்டு இறக்கிக் கொடுத்தவர், பெட்டி தரையைத் தொடும் முன்பே வெளியே போய்விட்டார்.

உள்ளே இரண்டு ஆல்பங்கள். பக்கத்திலேயே பசை தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடுகிற பழைய வகை. அது போக ஸ்டூடியோ உறைகளில் உதிரியாக ஒரு கற்றை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, இரண்டு பேரும் கை கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். பிளாஸ்டிக் தாள் பழுப்பேறிப் படத்தோடு ஒட்டியிருந்தது. எடுத்துவிடலாம் என்றுதான் அக்கா நினைத்தாள். முதல் படத்தின் மூலையை நகத்தால் நெம்பி இழுத்தாள். சர்ரென்று ஒரு சத்தம். படத்தின் ஓரம் வெள்ளையாகப் பிய்ந்து பக்கத்திலேயே தங்கிவிட்டது. நல்லவேளை முகம் போகவில்லை, கை போய்விட்டது.

குருவி அழுதிருந்தால்கூடத் தேவலை. "பரவால்ல" என்றாளாம், விருந்துக்கு வந்த வீட்டில் டம்ளரை உடைத்தவர்களிடம் சொல்வதைப் போல.

மறுநாள் மதிய இடைவேளையில் என்னிடம் சொன்னபோது அக்காவின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "ஒடிஞ்ச மனுஷங்களப் படம் எடுக்கத் தெரியுது எனக்கு. ஒரு படத்தப் பிய்க்காம எடுக்கத் தெரியல" என்றாள். நான் அலமாரியிலிருந்து பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற நூல் ஒரு சின்ன டப்பா எடுத்துக் கொடுத்தேன். என் வீட்டு ஆல்பத்தில் ஒரு தடவை செய்து பார்த்தது. "மூலையில நுழைச்சு, ரம்பம் அறுக்கற மாதிரி இப்படியும் அப்படியும் மெதுவா இழுங்க. படத்த இழுக்காதீங்க, நூல மட்டும் இழுங்க. வரலன்னா விட்டுடுங்க, பக்கத்தோட சேத்து வெட்டிக்கலாம்."

அடுத்த ஞாயிறு அப்படித்தான் செய்தார்கள். வேண்டாத ஒரு கூட்டப் படத்தில் பழகிப் பார்த்த பிறகே மற்றவற்றைத் தொட்டார்கள். ஒரு முனையை அக்கா பிடிக்க, மறுமுனையைக் குருவி பிடித்தாள். மூன்று ஞாயிறுகளில் அறுபத்திரண்டு படங்கள் முழுசாக வந்தன. ஐந்து வரவில்லை, அவற்றைப் பக்கத்தோடு கத்தரித்து எடுத்தார்கள். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக் கைப்பேசியில் படமெடுத்து வைத்தார்கள், ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று. பின்பக்கம் மெல்லிய பென்சிலில் எண் போட்டாள் அக்கா. பேனா மை முன்பக்கம் ஊறிவிடும் என்று எங்கேயோ படித்திருந்தாள்.

ஒட்டுவதற்குப் புத்தகம் வாங்கப் போனது தனிக்கதை. அமிலம் இல்லாத தாள்தான் போட்டோவை அரிக்காது என்று தெரிந்துகொண்டு, ஸ்டேஷனரி கடைக்காரரிடம் அதையே கேட்டாள். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "அமிலமா? இது பேப்பர்மா, பேட்டரி இல்ல."

குருவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரர் மினுக்குப் பசை, நட்சத்திர ஸ்டிக்கர், பூ அச்சு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, அக்கா ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தாள். "ஸ்கூல் ப்ராஜெக்டுக்குத்தானே?" என்றார் அவர். "இல்ல, எங்கம்மாவுக்கு" என்றாள் குருவி. கடைக்காரர் அதற்குப் பிறகு ஒன்றும் விற்கப் பார்க்கவில்லை. உள்ளே போய்த் தேடி, ஓவியர்கள் வாங்குகிற கறுப்புத் தாள் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். நாற்பது பக்கம், உறையின் பின்னால் அவள் கேட்ட வார்த்தை அச்சாகியிருந்தது. இத்தனை நாள் அவருக்கே தெரியவில்லை. நட்சத்திர ஸ்டிக்கர் மட்டும் ஒரு அட்டை, குருவி பிடிவாதமாக வாங்கிக்கொண்டாள்.

போட்டோவின்மேல் பசையே படக்கூடாது என்பது அக்காவின் சட்டம். காகிதத்தைச் சின்னச் சின்ன முக்கோணமாக மடித்து, நான்கு மூலையையும் அதில் செருகி, முக்கோணத்தை மட்டும் பக்கத்தில் ஒட்டினாள். படத்தை எப்போது வேண்டுமானாலும் உருவி எடுக்கலாம், திரும்பச் செருகலாம். குருவி கோணலாக வைப்பாள். அக்கா அளவுகோல் வைத்து நேராக்குவாள். சில பக்கங்களில் குருவி ஜெயித்திருக்கிறாள்.

எல்லாம் சரி, படத்துக்குக் கீழே என்ன எழுதுவது? அங்கேதான் வண்டி நின்றுவிட்டது. குருவியின் அம்மா சின்ன வயதில் போலீஸ் தொப்பியும் மீசையுமாக நிற்கிறாள். ஏன்? இருபது வயதில் சொட்டச் சொட்ட நனைந்து, ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். எங்கே? குருவிக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரிய வழியே இல்லை. தெரிந்த ஒரே மனிதர் ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கேயாவது கிளம்பிவிடுவார். ஊரில் இல்லாத லிஃப்டை எல்லாம் பார்க்கப் போனார்.

இன்னொருத்தி இருந்தாள். இறந்தவளின் தங்கை, குருவிக்குச் சொந்தச் சித்தி. தபால் நிலையத்தில் கவுன்ட்டர் வேலை. மாமா மறுபடி கல்யாணம் செய்துகொண்டார் என்றதும் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தியவள். பள்ளிக்கூட வாசலில் மாதம் ஒரு தடவை குருவியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். அவளைத் தேடி அக்கா ஒரு மதியம் போனாள். தபால் வண்டிகள் நிற்கிற பின்முற்றத்தில், பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் அவள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

அக்கா விஷயத்தைச் சொன்னாள்.

"எங்க அக்கா படத்த ஒட்டறதுக்கு நீங்க யாரு?"

"யாருமில்ல. ஆனா நான் ஒட்டலன்னா அது பெட்டிலயே கெடந்து வீணாப் போயிடும். ஒட்டிட்டேன். கீழ எழுதத்தான் தெரியல."

"மாமாகிட்ட கேளுங்க."

"அவரு அந்தப் பெட்டியத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறாரு."

"உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை? நல்ல பேரு வாங்கறதுக்கா?"

"குருவிக்கு அவங்கம்மா முகம் மறக்குது" என்றாள் அக்கா. "எனக்கு அத வச்சுக்கிட்டு அந்த வீட்ல இருக்க முடியல."

தங்கை சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "கவுன்ட்டருக்கு நேரமாச்சு" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். அக்கா கொண்டுபோன உறையை அந்தப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு வந்தாள். பதினாறு படங்களின் பிரதி, ஒவ்வொன்றுக்கும் எண், கூடவே கோடு போட்ட வெற்றுத்தாள் ஒன்று. தங்கை அதைக் குப்பையில் போட்டிருப்பாள் என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை அழைப்புமணி அடித்தது. குருவி ஓடிப்போய்க் கதவைத் திறந்து, "சித்தி!" என்று கத்தினாள்.

கையில் பசையோடு உள்ளே இருந்த அக்கா விருட்டென்று எழுந்துவிட்டாள். ஒரு நொடி, தன்னைத்தான் கூப்பிட்டாள் என்று நினைத்துவிட்டாள். வாசலில் நின்றவளும் "என்னடா?" என்றாள். ஊர் வழக்கப்படி பார்த்தால் இரண்டு பேருமே சித்திதான்: ஒருத்தி அம்மாவின் தங்கை, ஒருத்தி அப்பாவின் இரண்டாவது மனைவி. குருவி இவளைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், யாரைக் கூப்பிட்டோம் என்றே மறந்துபோனவளைப் போல விழித்தாள். முதலில் சிரித்தது தங்கைதான்.

"பேரு பிரிச்சுடலாம்" என்றாள். கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். இரண்டு பக்கமும் எழுதி, இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தாள். "அவங்க ஒட்டுற சித்தி. நான் எழுதுற சித்தி. சரியா?"

குருவிக்கு அது பிடித்துவிட்டது. அன்றிலிருந்து அதே பெயர்தான். கடைத்தெருவில், நாலு பேர் நடுவில், "ஒட்டுற சித்தி, எனக்கு இது வேணும்" என்று அவள் கேட்க, பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

தங்கை எழுதிக் கொண்டுவந்ததை மேஜையில் வைத்துப் படித்தார்கள். போலீஸ் மீசை, பள்ளிக்கூட நாடகத்தில். திருடனாக நடித்தவனை நிஜமாகவே அறைந்து, அவன் மேடையிலேயே அழுதானாம். கேரம் விளையாட்டில் காயை முழங்கையால் நகர்த்துவாளாம். தங்கையின் புதுச் சட்டையைக் கேட்காமல் போட்டுப்போய்க் கிழித்து, மடித்து அப்படியே அலமாரியில் வைத்துவிடுவாளாம். அந்த வீட்டில் நான்கு வருஷமாக அம்மா என்றால் பெட்டிக்குள் பூட்டி வைத்த தெய்வம் மாதிரிதான். அவளைப் பற்றி யாரும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. குருவி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

ஏழாம் எண் வந்தது. நனைந்துபோய் சைக்கிளோடு நிற்கிற படம். தங்கை படித்தாள்: "பந்தயம் கட்டி, இரண்டு கையையும் விட்டு சைக்கிள் ஓட்டினாள். பாலத்தைத் தாண்டுவதற்குள் வாய்க்காலில் விழுந்தாள். வீட்டில் மழையில் நனைந்தேன் என்றாள். அன்றைக்கு மழையே இல்லை."

"அம்மா பொய் சொல்வாங்களா?"

"உங்கம்மாவா? வாயத் தொறந்தாலே."

"கைய விட்டு ஓட்டல" என்று ஒரு குரல் கேட்டது.

மூன்று பேரும் திரும்பினார்கள். லிஃப்ட் மெக்கானிக் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. "பிரேக் பிடிக்கல. தப்பா எழுதாத. அது என் சைக்கிள், எனக்குத் தெரியாதா?"

"உங்க சைக்கிளா?" தங்கை தாளைக் கீழே வைத்தாள். "இது உங்க கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்தது மாமா. அவ ஃப்ரெண்டு எடுத்ததுன்னுல்ல சொன்னா?"

மனிதர் தானாக வந்து மாட்டிக்கொண்டார். கழுத்தைச் சொறிந்தார். "நான்தான் எடுத்தேன்" என்றார்.

பொண்ணு பார்க்க வந்த அன்றுதான் இரண்டு பேரும் முதல் தடவையாகச் சந்தித்தார்கள் என்று அந்தக் குடும்பமே இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தது. "அடப்பாவிங்களா! அன்னிக்குத் தலையக் குனிஞ்சுக்கிட்டு, 'பேரு என்ன'ன்னு கேட்டீங்களே மாமா!"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிரிக்க ஆரம்பித்து, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தார். அந்தப் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. மதியச் சாப்பாடு ஆறிப்போனது. ஏழாம் எண்ணின் கீழே, கறுப்புத் தாளில் வெள்ளைப் பென்சிலால், குருவியே எழுதினாள்: 'பிரேக் பிடிக்கவில்லை. போட்டோ எடுத்தது அப்பா. இது யாருக்கும் தெரியாது.' பக்கத்தில் நட்சத்திரம் ஒன்று.

இதை என்னிடம் சொல்லும்போது அக்கா சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள். "நான் எந்திரிச்சு சமையலறைக்குப் போயிட்டேன்" என்றாள். "கழுவின பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவிட்டு இருந்தேன். மூணு பேரும் உள்ள சிரிக்கறாங்க. நான் அந்தப் பொண்ண ஒரு தடவகூடப் பாத்ததில்ல. அவரு கண்ண மூடிக்கிட்டுச் சிரிக்கற ஒரு படம் இருக்கு, அவங்க எடுத்தது. அந்த மாதிரி ஒரு சிரிப்ப நான் பாத்ததே இல்ல. நானே மூலை வெட்டி, நானே நேரா ஒட்டினேன். செத்தவங்க மேல பொறாமைப்படறது என்ன புத்தி, சொல்லு?"

"உங்களுக்குப் பெரிய புண்ணியம் அக்கா" என்றேன். முறைத்தாள். "எனக்குப் புண்ணியம் வேணாம். அந்த மேஜையில என்னையும் வச்சு ஒரு நாள் யாராவது சிரிச்சாப் போதும்."

ஆனாலும் அடுத்த ஞாயிறு அவள்தான் துணியை விரித்தாள். புத்தகம் முப்பத்தொன்றாம் பக்கத்தில் முடிந்தது. கடைசிப் படத்தில் குருவியின் அம்மா, ஐந்து வயதுக் குருவிக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறாள். எடுத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. அதன் கீழே என்ன எழுதலாம் என்று மாறி மாறி யோசித்து, கடைசியில் தேதி மட்டும் எழுதினார்கள்.

ஒன்பது பக்கம் மீந்திருந்தது. அதில் இனி எடுக்கிற படங்களை ஒட்டலாம் என்று தங்கைதான் சொன்னாள், ஒட்டுற சித்தியையும் சேர்க்க வேண்டும் என்று நல்ல மனதோடுதான். குருவி ஒத்துக்கொள்ளவில்லை. "இது அம்மா புக். இதுல அம்மா மட்டும்தான்" என்றாள். அக்காவுக்குச் சுருக்கென்றது. அவள் முகத்தைக் குருவி பார்த்திருக்க வேண்டும். "உங்களுக்கு வேற புக் வாங்கலாம்" என்றாள். "உங்களுக்குத் தனியா. நெறைய பக்கம் இருக்கறதா."

வாங்கினார்கள். அக்காவிடம் ஒட்டுவதற்குச் சொல்லிக்கொள்ளும்படி படமே இல்லை. கடைசியில் பதிவு அலுவலகத்தில் எடுத்த கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தாள். அந்தப் படத்தை அவள் யாருக்கும் காட்டுவதில்லை. நடுவில் அவளும் அவரும் நிற்க, ஓரத்தில் எட்டு வயதுக் குருவி முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். குழந்தைக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி என்று ஒன்றரை வருஷமாக மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். ஒட்டிவிட்டு, "கீழ என்ன எழுதலாம்? நீயே சொல்லு" என்றாள், மனதைத் திடப்படுத்திக்கொண்டு.

குருவி படத்தைக் குனிந்து பார்த்தாள். பென்சிலை எடுத்து எழுதினாள்: 'ஷூ கடித்தது.'

"என்னது?"

"புது ஷூ. இங்க, குதிகால்ல. ரத்தம் வந்துச்சு தெரியுமா? சொன்னா ஆபீஸ்ல எல்லாரும் பாப்பாங்கன்னு சொல்லல."

அக்கா சிரித்தாளாம். சிரிப்பை நிறுத்த முடியாமல் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாளாம். உள்ளே இருந்து அவர் வந்து, என்ன ஆச்சு என்று கேட்க, குருவி படத்தைக் காட்டி, ஷூ கதையை நடித்தே காட்ட, அவரும் சிரித்தார். "அன்னிக்கு ஒங்க சித்தி என்ன பாடுபட்டா தெரியுமா? வழி முழுக்க, பாப்பாவுக்கு என்னப் பிடிக்கல, திரும்பிப் போயிடலாமான்னு கேட்டுட்டு வந்தா" என்று அவர் போட்டுக்கொடுக்க, அதையும் குருவி கீழே எழுதினாள்.

இதெல்லாம் நடந்து ஏழு வருஷம் ஆகிறது. குருவிக்கு இப்போது அக்காவைவிட உயரம். அம்மா புத்தகம் வருஷத்தில் பாதி இந்த வீட்டில், பாதி தங்கையின் வீட்டில் இருக்கிறது; யாருக்கு எத்தனை மாதம் என்று இரண்டு சித்திகளுக்கும் சண்டை வரும். அவர் முப்பத்தொன்றாம் பக்கத்தை மட்டும் இன்னமும் வேகமாகப் புரட்டிவிடுவார். மற்றதெல்லாம் பார்ப்பார், தப்பு கண்டுபிடிப்பார்.

வீட்டுப் புத்தகம் ஐந்தாவது ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் நானும் ஒரு படத்தில் இருக்கிறேன்; வாய் நிறையச் சாப்பாடு, கண் மூடியிருக்கிறது. எடுத்துவிடுங்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பேரும் தேதியும் போட்டாச்சு, இனிமே எடுக்க முடியாது என்கிறாள் அக்கா.